கூகுளில் தேடினால் நம் பக்கம் ஏன் வருவதில்லை? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: இணையத்தளம் இருக்கிறது, தேடினால் வருவதில்லை. எல்லவிலிருந்து பொகவந்தலாவ வரை குறை ஒன்றுதான் என்றாலும் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனியாகவே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: வீட்டில் மூன்று அறைகளை ஹோம்ஸ்டேயாக நடத்துகிறோம். வெப்சைட் செய்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டின் பெயரை அப்படியே அடித்தாலும் கூகுளில் வரவில்லை. செய்து தந்தவரிடம் கேட்டால் "கொஞ்ச நாள் போகும்" என்கிறார். இன்னும் எவ்வளவு நாள் போகும்?
(ஒரு வாசகி, எல்ல)

பதில்: புதிய தளம் பதிவாகச் சில நாளோ சில வாரமோ பிடிப்பது வழக்கம். மூன்று மாதமாகியும் சொந்தப் பெயருக்கே வரவில்லை என்றால் இனிக் காத்திருப்பதில் பயனில்லை. எங்கோ அடைபட்டிருக்கிறது.

தேடுபொறி ஒரு பக்கத்தைச் சேர்ப்பதற்கு மூன்று படிகள் உண்டு. அப்படி ஒரு முகவரி இருப்பது அதற்கு முதலில் தெரியவேண்டும். அடுத்து கூகுள்பொட் என்ற நிரல் அந்த முகவரிக்குப் போய்ப் பக்கத்தை எடுத்து வாசிக்கவேண்டும். வாசித்ததைச் சேர்க்கலாம் என்று கண்டால்தான் அடைவில், அதாவது தேடலுக்காக அது வைத்திருக்கும் பட்டியலில், பதியும். தோட்டத்தில் மலைக்கு வேலைக்குப் போய் வந்தாலும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தானே சம்பளம்? இங்கும் அப்படித்தான். கூகுள்பொட் வந்து போனது வேறு, பேர் விழுந்தது வேறு.

எந்தப் படியில் நிற்கிறது என்பதை கூகுள் சேர்ச் கொன்சோலில் நீங்களே பார்க்கலாம். அது இலவசம். ஜிமெயில் கணக்கால் உள்ளே போய்த் தளத்தின் முகவரியைச் சேர்த்தால், தளம் உங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்தச் சொல்லும். அது தரும் சிறிய எச்டிஎம்எல் கோப்பைத் தளத்தில் ஏற்றலாம். அல்லது அது தரும் குறியீட்டு வரியை, டொமைன் (தளத்தின் பெயர்) வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பகுதிக்குப் போய் ஒரு டிஎக்ஸ்டி பதிவாகச் சேர்க்கலாம். இதை உங்கள் பெயரிலேயே செய்யுங்கள். செய்து தந்தவரின் கணக்கில் இருந்தால், அவர் கைவிட்ட அன்று உங்களுக்குக் கண் தெரியாமல் போகும்.

பிறகு மேலே உள்ள பெட்டியில் முகப்புப் பக்கத்தின் முகவரியை இட்டு யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் செய்யுங்கள். வரும் பதிலை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். நோஇண்டெக்ஸ் என்று வந்தால் பக்கமே "என்னைச் சேர்க்காதே" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளங்களில் இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு சரி அடையாளம்தான். செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங், அங்கே கடைசியில் தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டி ஒன்று இருக்கும். தளத்தைக் கட்டும்போது அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியாமலிருக்க அதில் சரி போடுவார்கள். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். மூன்று மாத மௌனத்துக்கு முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான்.

எதை வாசிக்கலாம், எதை வாசிக்கக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு தடுக்கிறது என்று வந்தால், உங்கள் டொமைன் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு ரோபோட்ஸ் டொட் டிஎக்ஸ்டி என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறந்து பாருங்கள். டிஸ்அலவ் என்ற சொல்லுக்குப் பின் ஒரே ஒரு சாய்கோடு மட்டும் நின்றால் முழுத் தளமும் பூட்டு. அந்த இடம் வெறுமையாக இருந்தால் முழுத் தளமும் திறப்பு. ஒரு குறியில் இவ்வளவு வித்தியாசம். திருத்திய பிறகும் கூகுள் பழைய கோப்பை 24 மணிநேரம் வரை கையில் வைத்திருக்கும் என்பதால் மறுநாள்தான் மறுபடி சோதிக்கவேண்டும்.

இரண்டு பூட்டும் சேர்ந்து விழுந்திருந்தால் ரோபோட்ஸ் பூட்டைத்தான் முதலில் எடுக்கவேண்டும். அது இருக்கும்வரை கூகுள்பொட் பக்கத்துக்குள் நுழையாது. நுழையாவிட்டால், உள்ளே நோஇண்டெக்ஸை நீங்கள் நீக்கிவிட்டதும் அதற்குத் தெரியாது.

"கண்டறியப்பட்டது, இன்னும் சேர்க்கப்படவில்லை" என்ற பொருளில் பதில் வந்தால், முகவரி தெரியும், இன்னும் எடுத்து வாசிக்கவில்லை என்று அர்த்தம். "வாசிக்கப்பட்டது, சேர்க்கப்படவில்லை" என்று வந்தால், வாசித்துப் பார்த்து வேண்டாம் என்று வைத்துவிட்டது. நான்கு படமும் ஒரு தொலைபேசி எண்ணும் மட்டும் உள்ள பக்கத்துக்கு இப்படி நேரும். ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு எப்படி வருவது, அறையில் எத்தனை பேர் தங்கலாம், சுடுதண்ணீர் உண்டா, காலைச் சாப்பாட்டில் என்ன என்பதையெல்லாம் எழுத்தில் எழுதுங்கள். பிறகு ரிக்வெஸ்ட் இண்டெக்சிங் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். ஒருமுறை போதும். தினமும் அழுத்துவதால் வரிசையில் முந்த முடியாது.

கேள்வி: தோட்ட வாழ்க்கை பற்றிய கதைகள், கட்டுரைகள் என்று இருபது வருடத்து எழுத்தைத் தளத்தில் போட்டிருக்கிறேன். கணினியில் திறந்தால் அழகான தமிழில் தெரிகிறது. ஆனால் கதையின் தலைப்பை அப்படியே தேடினாலும் ஒன்றும் வருவதில்லை. தமிழ் என்பதால் கூகுள் ஒதுக்குகிறதா?
(ஓர் எழுத்தாளர், தலவாக்கலை)

பதில்: ஒதுக்கவில்லை ஐயா. உங்கள் பக்கத்தில் இருப்பது தமிழ் என்றே அதற்குத் தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய மாதிரிக் கோப்பைத் திறந்து பார்த்தோம். முழுவதும் பாமினி எழுத்துருவில் இருக்கிறது.

பாமினியில் "கொழுந்து" என்று அடித்தால் திரையில் கொழுந்துதான் தெரியும். கோப்புக்குள் பதிவது வேறு: சிறிய என், எஃப், எச், பெரிய ஓ, சிறிய ஈ, ஓர் அரைப்புள்ளி, பெரிய ஜே. ஏழு ஆங்கிலக் குறிகள். என் என்ற எழுத்துக்கு ஒற்றைக்கொம்பின் உருவத்தையும் எஃப் என்ற எழுத்துக்குக் ககரத்தின் உருவத்தையும் வரைந்து காட்டுவது எழுத்துரு. அதாவது தமிழ் இருப்பது எழுத்துருவின் படத்தில், கோப்பில் அல்ல. கூகுள்பொட் படத்தைப் பார்ப்பதில்லை, குறிகளைத்தான் வாசிக்கிறது. எந்த மொழியிலும் பொருள் தராத ஏழு குறிகளை யார் தேடுவார்கள்? எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறிமுறையான யுனிகோடில் அதே சொல் க, ொ, ழ, ு, ந, ், த, ு என்று எட்டுத் தமிழ்க் குறிகளாகவே பதியும். வாசகர் தம் போனில் "கொழுந்து" என்று அடித்தால் அதே எட்டும்தான் போகும். இரண்டும் பொருந்தும்.

இலங்கையில் அச்சகங்களும் பத்திரிகைகளும் நீண்ட காலம் பாமினியில் இயங்கியதால் நம் எழுத்தில் பெரும்பகுதி இப்படித்தான் கிடக்கிறது. சோதிக்க எளிய வழி உண்டு. பக்கத்திலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே நின்றால் யுனிகோட். ஆங்கில எழுத்துக் குவியலாக மாறினால் பாமினியோ அதுபோன்ற வேறொரு பழைய எழுத்துருவோதான்.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் இருபது வருட எழுத்தை ஒரே மூச்சில் போட்டு எடுக்காதீர்கள். முதலில் மூலக் கோப்புகளையும் தளத்தின் தரவுத்தளத்தையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு ஒரு கதையை மட்டும் மாற்றி, எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வழக்கமாகக் கெடும் இடங்கள் இவை. கதைக்குள் ஆங்கிலச் சொல் இருந்தால் கன்வர்ட்டர் அதையும் பாமினி என்று எண்ணித் தமிழாக்கி, வாயில் நுழையாத சொல்லாக்கிவிடும். ஆங்கிலச் சொற்களை முன்கூட்டியே குறித்துவைத்துப் பின்னர் கையால் திருத்தவேண்டும். காற்புள்ளி வரவேண்டிய இடத்தில் "இ" வந்து நிற்பதும் உண்டு. பாமினியில் "இ" இருப்பது ஆங்கிலக் காற்புள்ளி விசையில். தட்டச்சு செய்தவர் காற்புள்ளியை வேறோர் ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்தால் கன்வர்ட்டருக்கு வித்தியாசம் தெரியாது. இணையத்தில் நம் பழைய கட்டுரைகளில் வாக்கியத்துக்கு நடுவே காரணமில்லாமல் ஓர் "இ" நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அது இப்படி வந்ததுதான்.

வேர்ட்டில் எழுத்தெழுத்தாகத் தேடி மாற்றும் வழியில் மட்டும் போகவேண்டாம். பாமினியில் கொம்பு முன்னே, எழுத்து பின்னே. யுனிகோடில் எழுத்து முன்னே, கொம்பு பின்னே. வரிசை மாறாமல் குறியை மட்டும் மாற்றினால் கெ, கே, கை, கொ, கோ வரிசை முழுவதும் சிதறும்.

தளத்தில் ஏற்றும்போது பக்கத்தின் குறியேற்றம் யுடிஎஃப் 8 என்றும், மொழி தமிழ் என்றும் தலைப்பகுதியில் இருக்கவேண்டும். தரவுத்தளமும் யுனிகோடை ஏற்கவேண்டும். மைஎஸ்கியூஎல் என்றால் யுடிஎஃப்8எம்பி4 என்ற அமைப்பு சரி. பழைய லத்தீன் அமைப்பில் சேமித்தால் ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகும். அந்தக் கேள்விக்குறியிலிருந்து கதையைத் திரும்ப எடுக்க முடியாது. மேலே பிரதி எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். கதையின் முகவரியை மாற்றாமல் அதே பக்கத்தில் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுங்கள். தலைப்பு, தலைப்புப் பட்டையில் வரும் டைட்டில், படத்தின் கீழ் வரி எல்லாம் மாறவேண்டும். கதை யுனிகோடாகித் தலைப்பு பாமினியிலேயே கிடந்தால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

கவிதையை அழகாக வடிவமைத்துப் படமாகப் போடும் பழக்கத்துக்கும் இதே பதில். படம் இருக்கட்டும், அதே கவிதையைக் கீழே எழுத்திலும் போடுங்கள்.

கேள்வி: பூச்செடி, மரக்கறி நாற்று விற்கிறோம். தளத்தில் அறுபது வகைச் செடிகள். ஒவ்வொன்றாக அழுத்தினால் விவரம் திறக்கும். கூகுளில் முகப்பு மட்டும் வருகிறது, செடிகள் ஒன்றும் வரவில்லை.
(வாசகர், நுவரெலியா)

பதில்: செடியை அழுத்தும்போது மேலே முகவரி மாறுகிறதா என்று பாருங்கள். மாறவே இல்லை, அல்லது ஹாஷ் (#) குறிக்குப் பின்னால் மட்டும் மாறுகிறது என்றால், அறுபது செடிக்கும் ஒரே முகவரிதான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடும்பத்துக்கென்று முகவரி இல்லாமல், எல்லார் கடிதமும் தோட்டத்து முகவரிக்கே வந்து குவியும் சங்கடத்தை நாம் அறிவோம். அதேதான் இது. ஹாஷுக்குப் பின்னால் வருவதை கூகுள் தனிப் பக்கமாக எண்ணுவதில்லை.

ஒவ்வொரு செடிக்கும் சொந்த முகவரி கொடுக்கச் சொல்லுங்கள். அந்த முகவரிக்கு முகப்பிலிருந்து உண்மையான லிங்க் இருக்கவேண்டும். கூகுள்பொட் பக்கத்திலுள்ள, முகவரி எழுதப்பட்ட ஹெச்ரெஃப் லிங்குகளைப் பிடித்துக்கொண்டு போகுமே தவிர, பொத்தானை அழுத்தாது, தேடல் பெட்டியில் எழுதாது. ஜாவாஸ்கிரிப்டை அது இயக்கிப் பார்க்கும் என்பது உண்மை. ஆனால் அழுத்தினால்தான் வரும் விவரம் அதற்கு வராது.

சைட்மேப் ஒன்றும் தேவை. ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை அடங்கும், உங்களுக்கு அறுபதே போதும். வேர்ட்பிரஸ் 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து அதைத் தானாகவே உண்டாக்குகிறது. சேர்ச் கொன்சோலில் சைட்மேப் பகுதியில் அதன் முகவரியை ஒருமுறை கொடுத்தால் போதும். சைட்மேப் என்பது "இங்கே இவை இருக்கின்றன" என்று கொடுக்கும் பட்டியல் மட்டுமே, சேர்த்தே ஆகவேண்டும் என்ற உத்தரவு அல்ல.

கேள்வி: ஒருவர் 5,000 கீவேர்ட் போட்டு ஒரு வாரத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
(வாசகர், கொட்டகலை)

பதில்: கொடுக்காதீர்கள். பக்கத்தின் தலையில் ஒளித்துவைக்கும் கீவேர்ட் பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு சாதாரண முடிவுகளில் முன்னே வைக்கும் ஏற்பாடு கூகுளிடம் இல்லை. பணத்துக்கு வருவது விளம்பரம், அதில் விளம்பரம் என்றே எழுதியிருக்கும். விலைக்கு வாங்கிய லிங்குகளைக் குவித்துக் காட்டுவதும் விதிமீறல். அகப்பட்டால் உங்கள் தளம்தான் பின்னுக்குப் போகும், பணம் வாங்கியவர் அல்ல.

கேள்வி: தேடிய அரை நொடியில் எப்படி உலகத்துப் பக்கங்களையெல்லாம் வாசித்துவிடுகிறது? தமிழில் ஒரே சொல்லைப் பல விதமாக எழுதுகிறோமே, அதை எப்படிச் சமாளிக்கிறது?
(உயர்தர மாணவி, பதுளை)

பதில்: தேடும் நேரத்தில் அது எந்தப் பக்கத்தையும் வாசிப்பதில்லை. முன்கூட்டியே செய்துவைத்த சொல்லடைவைத்தான் புரட்டுகிறது. பாடநூலின் கடைசியில் "ஒளித்தொகுப்பு: 14, 52, 90" என்று இருக்குமே, அதே முறை. மூன்று பக்கங்களை எடுத்துக்கொள். முதலாவதில் கொழுந்து, விலை. இரண்டாவதில் கொழுந்து, நோய். மூன்றாவதில் விலை, மரக்கறி. அடைவு இதைத் தலைகீழாக்கி, கொழுந்து 1, 2 என்றும் விலை 1, 3 என்றும் எழுதிவைக்கும். நீ "கொழுந்து விலை" என்று தேடினால் இரண்டு வரிசையிலும் உள்ள 1 மட்டும் கையில் வரும். இப்படிக் கிடைத்தவற்றில் எதை முன்னே வைப்பது என்பது அடுத்த வேலை. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், எப்படிப்பட்ட பக்கங்கள் லிங்க் கொடுத்துச் சுட்டுகின்றன என்று பார்க்கும் பேஜ்ராங்க் முறையை லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது வெளியிட்டார்கள். இன்று அதனுடன் வேறு பல அளவுகோல்களும் சேர்ந்திருக்கின்றன.

எழுத்து வேறுபாட்டுக்கு வருவோம். கொழுந்து, கொழுந்தின், கொழுந்துக்கு என்று தமிழில் வேற்றுமை ஏற ஏறச் சொல்லின் உருவம் மாறுகிறது. ஊர்ப் பெயரோ ஹட்டன், அட்டன் என்றும், தலவாக்கலை, தலவாக்கொல்லை என்றும் இரண்டாகக் கிடக்கிறது. தேடுபொறி ஓரளவு ஊகிக்கும். ஊகிக்கட்டும் என்று விட்டுவிடாமல், தளம் நடத்துபவர் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் இயல்பாக ஓரிரு இடத்தில் எழுதிவிடுவது நல்லது. பரீட்சைக் குறிப்பு என்றால் "சாதாரண தரம்" என்பதோடு "ஓ எல்" என்றும் ஓரிடத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் அப்படித்தான் தேடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து உள்ளே வேறாகப் பதியும் பிழைகளும் உண்டு. "ஔவை" என்று அடிக்கவேண்டியதை ஒகரமும் ளகரமும் சேர்த்து "ஒளவை" என்று அடிப்பதும், காலுக்குப் பதில் ரகரத்தை அடிப்பதும் இந்த வகை. உன் கண் மன்னித்துவிடும், அடைவு மன்னிக்காது.

கேள்வி: பக்கத்தின் முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: வைக்கலாம். கூகுள் வாசிக்கும். டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் டொமைனும் 2010 முதல் இருக்கிறது. ஒரு சங்கடம் மட்டும் உண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப் 8இல் மூன்று பைட். முகவரியைப் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். "ஹட்டன்" என்பதில் ஆறு குறிகள், அது 54 எழுத்தாக நீளும். எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் பாதியில் முறிந்துபோகலாம். தலைப்பைத் தமிழிலும் முகவரியைச் சுருக்கமான ஆங்கில எழுத்திலும் வைப்பது நடைமுறைக்குச் சுலபம்.

கேள்வி: எங்கள் பாடசாலையின் பழைய தளத்தில் பல வருடங்களுக்கு முன் போட்ட மாணவர் பட்டியல் ஒன்று பிள்ளைகளின் பெயர், பெற்றோர் தொலைபேசி எண்ணோடு கூகுளில் வருகிறது. ரோபோட்ஸ் கோப்பில் தடுத்தும் போகவில்லை. என்ன செய்வது?
(ஓர் ஆசிரியை, பொகவந்தலாவ)

பதில்: இதை இன்றே செய்யுங்கள் டீச்சர். ரோபோட்ஸ் கோப்பு "உள்ளே வராதே" என்று மட்டும்தான் சொல்லும், "ஏற்கனவே எடுத்ததை அழி" என்று சொல்லாது. வெளியே எங்காவது அந்தப் பக்கத்துக்கு லிங்க் இருந்தால், தடுத்த பிறகும் முகவரி மட்டும் முடிவுகளில் நிற்கலாம். பக்கம் அழிக்கப்பட்டதைக் கூகுள்பொட் போய்ப் பார்க்கவும் அந்தத் தடையே இடைஞ்சல். ஆகவே தடையை எடுத்துவிடுங்கள்.

பட்டியலை மூலத்திலேயே அழியுங்கள். மெனுவிலிருந்து லிங்க்கை நீக்குவது அழிப்பதாகாது. பிடிஎஃப் கோப்பாக ஏற்றியிருந்தால் அந்தக் கோப்பையே சர்வரிலிருந்து அகற்றவேண்டும். பிறகு பழைய முகவரியை உலாவியில் திறந்து, பக்கம் இல்லை என்று பொருள்படும் 404 அல்லது 410 என்ற எண் பதிலாக வருகிறதா என்று பாருங்கள். "பக்கம் இல்லை" என்ற அழகான செய்தியைக் காட்டிவிட்டு உள்ளே 200 என்று பதில் அனுப்பும் தளங்களும் உண்டு. 200 என்றால் பக்கம் நலமாக இருக்கிறது என்று பொருள்.

அழித்த கையோடு சேர்ச் கொன்சோலில் ரிமூவல்ஸ் பகுதியில் அந்த முகவரியைக் கொடுங்கள். சீக்கிரத்திலேயே முடிவுகளிலிருந்து மறையும். அந்த மறைப்பு ஏறத்தாழ ஆறு மாதத்துக்குத்தான். அதற்குள் மூலத்தில் அழிந்திருந்தால் திரும்பி வராது, அழியாதிருந்தால் வரும். சேர்ச் கொன்சோலில் உங்களுக்கு அனுமதி இல்லை என்றால், மூலத்தில் அழித்த பிறகு காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் கூகுளின் பொதுப் படிவத்தை யாரும் நிரப்பலாம். தொலைபேசி எண் வருவதற்கு எதிராகப் பெற்றோரே கோரிக்கை விடவும் தனிப் படிவம் உண்டு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் படம் தேடலில் வந்தால், பிள்ளையோ பெற்றோரோ நீக்கக் கேட்கலாம்.

பிங் தேடுபொறிக்கு இவை எதுவும் தானாகப் போகாது. அதன் வெப்மாஸ்டர் டூல்ஸில் தனியாகக் கொடுக்கவேண்டும். சேர்ச் கொன்சோலில் உறுதிப்படுத்திய தளத்தை அங்கே அப்படியே இறக்குமதி செய்துகொள்ள வழி இருப்பதால் அதிக நேரம் எடுக்காது. அதே பட்டியல் பாடசாலையின் பேஸ்புக் பக்கத்திலோ யாருடைய கூகுள் டிரைவிலோ "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்ற நிலையில் கிடக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.